டேஷ்போர்டை வெட்டாமல் பழைய காருக்குப் புதிய ஸ்டீரியோ

பழைய காரின் ஸ்டீரியோவை மேம்படுத்துவதில் இரண்டு வேலைகள் சேர்ந்தே வருகின்றன. பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளில் காரின் உட்புறம் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றமும் கெடக் கூடாது. முதலாவதைக் கடையில் வாங்கிவிடலாம். இரண்டாவதற்கு முன்யோசனை தேவை. அம்பாசிடரும் மாருதி 800ம் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனவை. பிரீமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றது. ஹெரால்டு கார்களைச் சென்னைக்கு அருகே தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1980களின் இறுதியில் ஆலையை மூடியது. இந்த வண்டிகளின் டேஷ்போர்டுகள் இனி எங்கும் புதிதாக வார்க்கப்படப் போவதில்லை. ஒரு முறை ரம்பம் பட்ட டேஷ்போர்டைப் பழையபடி ஆக்க டிங்கர் வேலை, பெயின்ட், ரெக்சின் என்று செலவழித்தாலும் அறுத்த தடம் தெரியாமல் போவது அரிது. ஆகவே இந்த வேலையின் முதல் விதி எளிமையானது: எதையும் வெட்டக் கூடாது, எதையும் திரும்பக் கழற்ற முடியாதபடி பொருத்தக் கூடாது.

கம்பெனித் தோற்றம் என்றால் என்ன என்பதையும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து இந்தியக் கார்களில் பெரும்பாலானவை ரேடியோ இல்லாமலேயே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் விருப்பப்பட்டால் பிறகு கடையில் பொருத்திக்கொண்டார். அதற்கு அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. அந்த முறை 1980களின் நடுப்பகுதியில்தான் ஒழிந்தது. எனவே ஓர் அம்பாசிடரில் இன்று காணப்படும் கேசட் பிளேயர் 1990களில் யாரோ மாட்டியதாக இருக்கக்கூடும். அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. 1970ஆம் ஆண்டு வண்டியில் இரண்டு திருகுகளும் நடுவில் முள் நகரும் அளவுப் பட்டையும் கொண்ட ரேடியோ இருந்தால், அது பாடாவிட்டாலும் பொக்கிஷம்தான். ரேடியோவுக்கான இடம் மூடித் தகட்டோடு அப்படியே இருந்தால், அந்தத் தகடுதான் அந்த வண்டியின் அசல் தோற்றம்.

கார் ரேடியோக்களின் உருவம் இரண்டு வகையில் அடங்கும். அமெரிக்காவில் 1930இல் மோட்டரோலாவும், ஜெர்மனியில் 1932இல் ப்ளாபுங்க்டும் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தன. தொடக்கத்தில் பெரிய பெட்டியாக இருந்தது, டிரான்சிஸ்டர் வந்தபின் சுருங்கி, இரண்டு தண்டுகள் டேஷ்போர்டின் துளைகள் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வடிவுக்கு வந்தது. ஒரு தண்டில் சத்தம், மறு தண்டில் ஸ்டேஷன். பின்னர் ஜெர்மன் தரநிலையை ஒட்டி 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் கொண்ட செவ்வகத் துவாரம் உலகெங்கும் பரவியது. நம் கடைகளில் ‘சிங்கிள் டின்’ என்று சொல்வது இதைத்தான். இதன் இரு மடங்கு உயரம் ‘டபுள் டின்’. தண்டு வகை டேஷ்போர்டில் சிங்கிள் டின் செட்டை மாட்டுவதற்காக நடுத் தகட்டை அறுத்த அநியாயம் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வண்டிகளில் நடந்திருக்கிறது. சிங்கிள் டின் இடம் உள்ள மாருதி 800இல் டபுள் டின் திரைக்காகப் பிளாஸ்டிக்கைச் செதுக்குவது அதே தவறின் இன்றைய வடிவம்.

வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்பதும் கணக்கில் சேரும். தருமபுரி மாவட்டத்து ஏரியூரை எடுத்துக்கொள்ளலாம். பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய மேடுபள்ளமான பகுதி அது. தருமபுரி வானொலியின் பண்பலை 102.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். நாகமரைப் பக்கம் நீர்த்தேக்கத்தை நோக்கிச் சாலை இறங்கும்போது குன்று மறைத்தால் ஒலி கரகரக்கும். மத்திய அலை அப்படியல்ல. திருச்சி நிலையத்தின் 936, கோவையின் 999, சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ் அலைகள் நிலத்தை ஒட்டித் தவழ்ந்து குன்றுகளைச் சுற்றி வரக்கூடியவை. இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவிலிருந்தும் கேட்கும். பழைய தண்டு ரேடியோக்களில் பலவற்றில் மத்திய அலை மட்டுமே உண்டு. ஆகவே ஏரியூர்க்காரர் ஒருவர் தம் பழைய ரேடியோவை ‘எஃப்.எம். வராத செட்டு’ என்று தூக்கி எறிவதற்கு முன், அதை உயிர்ப்பித்துக் கேட்டுப் பார்ப்பது பலன் தரும்.

அப்படி உயிர்ப்பிப்பதுதான் மேம்படுத்தும் வழிகளில் முதலாவது; வேலை நுணுக்கமானது, பலன் அழகானது. நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்து ரேடியோவில் கெட்டுப்போவது பெரும்பாலும் எலக்ட்ரோலிடிக் கன்டென்சர்கள்தான். உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து போகிறது. மூடிய காரின் டேஷ்போர்டு சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவதால் நம் ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும். அவற்றை மாற்றி, சத்தம் கூட்டும் கன்ட்ரோலைச் சுத்தம் செய்து, அறுந்த டயல் கயிற்றைக் கட்டி, பல்பு போட்டாலே பாதி செட்டுகள் பேசத் தொடங்கும். பிறகு போனை இணைக்க வழி செய்யலாம். வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனைக்கு வரும் ரேடியோ ஒலியை ஒரு சிறு சுவிட்ச் வழியாகத் துண்டித்து, அந்த இடத்தில் ப்ளூடூத் பலகையின் ஒலியைக் கொடுப்பதே முறை. நடுவில் 1 மைக்ரோஃபாரடோ அதற்கு மேலோ உள்ள கன்டென்சர் இருந்தால் நேர்மின்னழுத்தம் ஒன்றையொன்று பாதிக்காது. போனிலிருந்து வருவது இடம், வலம் என இரண்டு ஒலிகள். பழைய ரேடியோவுக்கு ஒன்றே போதும். இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதற்குப் பின் சேர்க்க வேண்டும்.

ரேடியோ முற்றிலும் செத்துப்போயிருந்தால் உள்ளிருக்கும் பலகையை எடுத்துவிட்டு, முகப்பு, திருகுகள், அளவுப் பட்டை ஆகியவற்றின் பின்னால் புதிய பலகையைப் பொருத்தலாம். வெளிநாடுகளில் இதை மட்டுமே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உண்டு. இங்கே சேலத்திலோ பெங்களூரிலோ கைதேர்ந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரை உட்காரவைத்துச் செய்யவேண்டிய வேலை. இதில் அசல் உட்பாகம் போய்விடுகிறது என்பதால், சரிசெய்ய வாய்ப்புள்ள செட்டில் இதைச் செய்வது சரியல்ல.

இரண்டாவது வழி, பழைய முகத்தை அலங்காரமாக விட்டுவிட்டு, உண்மையில் பாடும் கருவியை மறைவாக வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுவே. டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குள், முன் சீட்டுக்கு அடியில், டிக்கியின் பக்கச் சுவரில் என்று இடம் கிடைக்கும். போனே ஸ்டேஷனும் கேசட்டுமாகிவிட்ட இன்றைய நிலையில் முகப்பு உள்ள செட்டே தேவையில்லை. ப்ளூடூத் கொண்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்று போதும். உள்ளங்கை அளவுள்ள இத்தகைய ஆம்ப்கள் ஓரிரண்டு ஸ்க்ரூவில் நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் போனைத் தேட வேண்டியிருப்பது இதன் குறை; வண்டி ஓட்டும்போது அது ஆபத்தும்கூட. கையெட்டும் மறைவிடத்தில் ஒரு சிறு வால்யூம் திருகைத் தனியாக வைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, பழைய தோற்றத்திலேயே புதிதாகச் செய்யப்படும் செட்டுகள். போர்ஷே நிறுவனம் தன் பழைய 911 கார்களுக்காக, அசல் டேஷ்போர்டு துவாரத்திலேயே அமரும் தொடுதிரைக் கருவியை 2020இல் வெளியிட்டது. 1980களின் செட்டைப் போன்ற முகப்போடு ப்ளூடூத் உள்ள சிங்கிள் டின் செட்டை கான்டினென்டலும், தன் பழைய ‘ப்ரேமன்’ மாடலின் தோற்றத்தில் ஒன்றை ப்ளாபுங்க்டும் தயாரிக்கின்றன. அமெரிக்காவில் தண்டு வகைக்கும் கிடைக்கும். கான்டெசா, மாருதி போன்ற வண்டிகளின் செவ்வகத் துவாரத்துக்கு இவை பொருந்தும். வண்ண விளக்குகள் ஓடும் முகப்பைவிட, கறுப்பு முகமும் வெள்ளை அல்லது பச்சை எழுத்தும் உள்ள சாதாரண செட்டே பழைய உட்புறத்தோடு இசைந்து போகும்.

கேசட் பிளேயரோடு வந்த வண்டிகளில், பெல்ட் நல்லபடியாக இருந்தால் கேசட் வடிவ அடாப்டர் ஒன்றைச் செருகிப் போனிலிருந்து கேட்கலாம். 1990களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் வந்த சில கார்களின் கம்பெனி செட்டில் சி.டி. சேஞ்சருக்கான இணைப்பு பின்புறம் இருக்கும். அதற்குப் பொருத்தமான இணைப்புப் பெட்டி கிடைத்தால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

இனி மின்சாரம். கடையில் பெட்டி மேல் ‘4 x 50 வாட்’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் காரில் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாத செட்டில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் முறையில், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொள்கையளவில் கிடைக்கக்கூடியது சுமார் 26 வாட் மட்டுமே. நடைமுறையில் 18 முதல் 20. பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு முனை மட்டுமே இயக்கப்படும். அந்த முறையில் அதே 4 ஓமுக்குக் கணக்குப்படி உச்சமே 6.5 வாட்தான். ஆறு வாட்டா என்று உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண்ணை அறிந்தால் விஷயம் புரியும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் என்று ஸ்பீக்கர் அட்டையில் போட்டிருப்பார்கள். மூன்று டெசிபெல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். அப்படியானால் 86 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 92 டெசிபெல் ஸ்பீக்கரைப் போடுவது, ஆம்பை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். பழைய காரில் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்விக்கு இந்த ஒரு கணக்கே விடை: முதலில் ஸ்பீக்கர், பிறகு மற்றவை.

ஸ்பீக்கர் வயரில்தான் அதிகமான புதிய செட்டுகள் எரிந்துபோகின்றன. பழைய வண்டிகளில் ஸ்பீக்கருக்கு ஒரே வயரை இழுத்து, மறுமுனையைப் பாடியில் எர்த் செய்துவிடும் வழக்கம் இருந்தது. அந்தப் பழைய ரேடியோவுக்கு அது பொருந்தியது. இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கும். எதையும் பாடியில் தொடக் கூடாது. தொட்டால் உள்ளிருக்கும் ஐ.சி. போய்விடும். பழைய வயரை நம்பாமல் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புதிய வயர்களை இழுப்பதே முறை.

பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று எல்லா வண்டிகளிலும் நெகட்டிவ்தான் எர்த். ஆனால் அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உட்பட 1950களின் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருந்தது. அப்படிப்பட்ட வண்டியில் புதிய செட்டின் உலோக உறை பாடியைத் தொட்ட மறுகணம் ஷார்ட் ஆகும். பேட்டரியைத் திருப்பிப் போட்டு, இக்னிஷன் காயில், அம்மீட்டர் வயர்களை மாற்றி, டைனமோவுக்கு மீண்டும் துருவம் ஏற்றி வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்குக் கொண்டுவரலாம். அல்லது உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பில்லாமல் பிரிந்திருக்கும் கன்வெர்ட்டரை நடுவில் வைத்து, ஆம்ப் பாடியைத் தொடாதபடி மரப்பலகையில் பொருத்தலாம். எதைச் செய்தாலும் பழைய ரேடியோவின் துருவத்தையும் சரிபார்க்க வேண்டும். பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தவறான துருவத்தில் நொடிப்பொழுதும் தாங்காது.

டைனமோ உள்ள வண்டிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அந்தக் கால லூக்காஸ் டைனமோ ஒன்று அதிகபட்சம் ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது அநேகமாக ஒன்றும் தராது. ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும் மழை இரவில் மிச்சம் கொஞ்சமே. மொத்தம் 50 வாட் ஒலி தரும் ஆம்ப் முழுச் சத்தத்தில் 6, 7 ஆம்பியர் இழுக்கும். சாதாரணமாகக் கேட்கையில் அதில் சிறு பங்கே. அந்த அளவு தாங்கும். டிக்கி நிறைய சப்வூஃபர் தாங்காது. பேட்டரி வற்றி, பென்னாகரம் சாலையில் வண்டியைத் தள்ள நேரும்.

மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி வயரில் எடுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே 10 ஆம்பியர் ப்யூஸ் வைக்க வேண்டும். பழைய துணி உறை வயர்களில் புதிய சுமையை ஏற்றுவது தீ விபத்துக்கு வழி. வயரின் தடிமனும் முக்கியம்: நான்கு மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் ஓடினால் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 0.7 வோல்ட் வீணாகும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. சாவி போட்டால் மட்டுமே செட் உயிர் பெற, ஒரு சிறு ரிலேயைச் சாவி வயரால் இயக்கலாம். புதிய செட்டுகளில் மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கும், சிவப்பு சாவிக்கும், கறுப்பு எர்த்துக்கும், நீலம் ஆன்டெனா அல்லது ஆம்பை எழுப்புவதற்கும் உரியவை. மஞ்சள் வழியாக எப்போதும் சிறிது மின்சாரம் கசியும் என்பதால், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் அவசியம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில்தான் தோற்றம் தப்பும் அல்லது கெடும். கதவில் துளை போடாமலே ஒரு வழி உண்டு. அசல் கதவுப் பேடைக் கழற்றி வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் மெல்லிய ப்ளைவுட்டில் நகலெடுத்து, ரெக்சின் ஒட்டி, அந்த நகலில் துளையிட வேண்டும்; பின்னால் கதவுத் தகட்டில் ஏற்கெனவே உள்ள திறப்பை மட்டும் பயன்படுத்தலாம். பழைய கதவுகளுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தடுப்பாக ஒட்டாவிட்டால் பேப்பர் கோன் ஊறிப்போகும். பாலிப்ராப்பிலீன் கோன் இன்னும் நல்லது. முன்பக்கத்தில், காலடியின் இரு ஓரங்களிலும் சிறு பெட்டி செய்து நான்கு அங்குல ஸ்பீக்கர் வைத்தால் கார்ப்பெட்டின் நிறத்தோடு மறைந்துவிடும். ஒலியும் முன்னிருந்து வரும். டேஷ்போர்டில் நடுவே ஒற்றை ஸ்பீக்கர் சல்லடை மட்டும் உள்ள வண்டிகளுக்கு, இரட்டை காயில் கொண்ட ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடம், வலம் இரண்டும் ஒரே கோனில் சேர்ந்து ஒலிக்கும்.

பின் சீட்டுக்குப் பின்னாலுள்ள தட்டில் 6 x 9 அங்குல ஓவல் ஸ்பீக்கர்களைப் பதிப்பது தமிழ்நாட்டு டாக்சிகளின் பழைய மரபு. பேஸ் நன்றாக வரும். அதையும் வெட்டாமல் செய்யலாம்: தட்டை நகலெடுத்து, துளைகளின் மேல் ஒலி ஊடுருவும் துணியை அசல் நிறத்தில் போர்த்திவிட்டால் மேலிருந்து பார்த்தால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. சீட்டுக்கு அடியில் தட்டையான, சொந்த ஆம்ப் கொண்ட சப்வூஃபர் வைப்பதும் மறைவான வழி. தனி ப்யூஸ் வேண்டும், டைனமோ வண்டிக்கு ஏற்றதல்ல.

பழைய எஞ்சின் தன் சத்தத்தையும் ஸ்பீக்கர் வழியே பாடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும் ‘ஙொய்’ ஒலி சார்ஜிங் சிஸ்டத்திலிருந்து வருவது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து வரும் ‘டக்டக்’ இக்னிஷனிலிருந்து. முதலாவதற்குப் பெரும்பாலும் எர்த்தே காரணம். எல்லாக் கருவிகளையும் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் எர்த் செய்தால் பாதி தீரும். இரண்டாவதற்கு ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப், இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனையில் ஒரு சப்ரஷன் கன்டென்சர், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை. பேனட்டுக்கும் பாடிக்கும் இடையிலும் ஒரு பட்டை போட்டால் எஞ்சினின் மின்காந்த இரைச்சல் ஆன்டெனாவுக்குத் தாவுவது குறையும்.

ஆன்டெனாவை மறைத்து வைக்க ஆசைப்பட்டுப் பலர் ரேடியோவையே கெடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா நகரத்தில் போதுமானது. ஏரியூர் போன்ற தொலைவிடத்துக்கு உயரமான கம்பிதான் சரி. 102.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 2.9 மீட்டர், அதில் கால் பங்கு, அதாவது 73 சென்டிமீட்டர் கம்பி எஃப்.எம்.முக்கு மிகப் பொருத்தம். அதுவே அந்தக் காலத்து மடக்குக் கம்பியின் நீளத்துக்கும் நெருக்கமானது. ஆகவே அசல் ஏரியலை வைத்துக்கொள்வதே தோற்றத்துக்கும் ஒலிக்கும் நல்லது. மட்கார்டில் பழைய துளை இல்லையென்றால், புதிதாகத் துளையிடுவதை விடப் பின் பம்பர் ஸ்டேயில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். துளையில்தான் துரு முதலில் பிடிக்கும். மத்திய அலை ரேடியோவில் ஏரியலையோ அதன் கேபிளையோ மாற்றினால், செட்டின் ஓரத்தில் உள்ள ட்ரிம்மர் ஸ்க்ரூவை, 1,400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் முள்ளை வைத்து, ஒலி உச்சம் தொடும் வரை திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் ‘செட்டு இழுக்கவில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம்.

வண்டி ஐம்பது ஆண்டைத் தாண்டியதாக இருந்தால் சட்டமும் கவனிக்கத்தக்கது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மறைவாக வைத்த ஆம்ப் அந்த வரம்பை மீறாது. அறுத்த டேஷ்போர்டு, வண்டியைப் பார்வையிடுபவரிடம் தேவையற்ற கேள்வியை எழுப்பும். பழைய கார் அணிவகுப்புகளில் மதிப்பெண் போடும் நடுவர்களும் உட்புறத்தின் அசல் தன்மையைப் பார்க்கிறார்கள். கோவையின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் பழைய வண்டிகளின் டேஷ்போர்டுகளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வருவது, எது அசல், எது பிற்பாடு சேர்த்தது என்று கண்ணைப் பழக்க உதவும்.

வேலை முடிந்தபின் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர், ஹாரன் ஆகிய மூன்றையும் இயக்கிக்கொண்டே செட்டைக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ப்யூஸ் ஹோல்டரையும் வயர் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பார்த்தால், சூடு ஏறும் இணைப்பு அங்கேயே அகப்படும். புதிய வயர்களின் நிறம், அவை போகும் பாதை, ப்யூஸ் அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் வரைந்து ஆர்.சி. புத்தகத்தோடு வைக்க வேண்டும். கழற்றிய மூடித் தகடு, கதவுப் பேடுகள், பழைய ஸ்பீக்கர், ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் பெயர் எழுதி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, எலி கடிக்காத உலர்ந்த பரணில் ஏற்றிவிடலாம். வண்டியை விற்கும்போது அந்தப் பெட்டியும் அதோடு போக வேண்டும்.